ஆறு கன்டெய்னர் ஓடினால் கிளஸ்டர் ஆகிவிடாது: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

ரெடிஸ் கிளஸ்டரை (டேட்டாவை மெமரியில் வைக்கும் ரெடிஸ் டேட்டாபேஸ், பல நோடுகளாகப் பிரிந்து ஒன்றாக ஓடுவது) டெவலப்பர்களின் லேப்டாப்பிலேயே டாக்கரில் (புரோகிராம்களை 'கன்டெய்னர்' என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓட்டுகிற மாதிரி செட்டப் செய்து தருகிறோம் என்று வரும் ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு வேலை கொடுக்கப் போகிறீர்களா? பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நாங்கள் பிடித்த ஆள் டெமோவில், ஓடும் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் 'டாக்கர் பிஎஸ்' அடித்துக் காட்டினார். நோட்-1 முதல் நோட்-6 வரை வரிசையாக 'அப்'. டேட்டாவை வைத்திருக்கும் மூன்று மாஸ்டர், அவற்றின் நகலாக மூன்று ரெப்ளிகா என்று படம் வேறு போட்டு விளக்கினார். அப்ளிகேஷனும் பிசிறில்லாமல் ஓடியது.

சர்வரில் ஏற்றியதும் பல கீகளை (டேட்டாவைத் தேடி எடுக்கும் பெயர்கள்) ஒரே 'எம்கெட்' கமாண்டில் கேட்கும் இடமெல்லாம் 'கிராஸ்ஸ்லாட்' எரர். ரெடிஸ் கிளஸ்டர் 16384 ஸ்லாட்டுகளை மாஸ்டர்களுக்குப் பங்கு போட்டு வைத்திருக்கும். வேறு வேறு ஸ்லாட்டில் விழும் கீகளை ஒரே கமாண்டில் கேட்டால் தராது. இதையெல்லாம் முன்கூட்டியே பிடிக்கத்தானே லேப்டாப்பில் கிளஸ்டர் கேட்டோம்? அங்கே இந்த எரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தேகப்பட்டு லேப்டாப்பில் 'கிளஸ்டர் இன்ஃபோ' அடித்தால், இந்த இன்ஸ்டன்ஸில் கிளஸ்டர் வசதியே இல்லை என்று பதில். ஒவ்வொரு நோடிலும் எத்தனை கீ இருக்கிறது என்று 'டிபிசைஸ்' அடித்துப் பார்த்தோம். முதல் நோடில் எல்லாக் கீகளும் இருந்தன, மற்ற ஐந்திலும் பூஜ்யம். ஒன்றையொன்று அறியாத ஆறு தனி ரெடிஸ். அதில் ஐந்து சும்மா ராம் தின்றுகொண்டிருந்தன.

கேட்டதற்கு, "லோக்கலுக்கு இது போதும் சார்" என்றார். விடாமல் கேட்ட பிறகு இன்னொரு கம்போஸ் ஃபைல் (எந்தெந்தக் கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்லும் ஃபைல்) வந்தது. இந்தத் தடவை கிளஸ்டர் உண்மையாகவே அமைந்தது, ஆனால் மேக் வைத்திருப்பவர்களுக்கு அப்ளிகேஷன் தொங்கியது. கீ வேறு நோடில் இருந்தால் ரெடிஸ் 'மூவ்ட்' என்று அந்த நோடின் முகவரியைத் தரும். அது டாக்கருக்குள் மட்டும் செல்லுபடியாகும் 172-இல் தொடங்கும் ஐபி. மேக்கிலிருந்து அங்கே நேரடியாகப் போக முடியாது. "உங்க லேப்டாப்லதான் பிரச்சினை" என்று போனை வைத்துவிட்டார். கடைசியில் அப்ளிகேஷனையும் அதே கம்போஸ் நெட்வொர்க்குக்குள் கன்டெய்னராகப் போட்டு நாங்களே சரிசெய்தோம்.

பணம் கொடுக்கும் முன் அவர் கண்ணெதிரே 'கிளஸ்டர் இன்ஃபோ' அடியுங்கள். ஸ்டேட் 'ஓகே' என்றும் ஒதுக்கிய ஸ்லாட் 16384 என்றும் வர வேண்டும். அடுத்து ஒரு மாஸ்டர் கன்டெய்னரை 'டாக்கர் ஸ்டாப்' செய்யுங்கள். பதில் தராத நோடை விழுந்துவிட்டதாக எண்ணக் காத்திருக்கும் நேரமான நோட் டைம்அவுட்டின் டிஃபால்ட் 15 விநாடி. அதை ஒட்டி ரெப்ளிகா மாஸ்டராகி, பழைய கீயைக் கேட்டால் தர வேண்டும். முக்கியமாக, இந்தச் சோதனையை உங்கள் லேப்டாப்பில் செய்யச் சொல்லுங்கள், அவருடையதில் வேண்டாம்.

மீதிப் பணத்துக்கு இன்வாய்ஸ் வந்திருக்கிறது. அதில் 'ஹை அவைலபிலிட்டி' (ஒரு நோட் விழுந்தாலும் சேவை நிற்காமல் ஓடுவது) என்று ஒரு தனி வரி, அதற்குத் தனி ரேட்.