புறக்கோட்டை சேப்ளஸ் ரீசேட்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கெய்சர் வீதியிலும் அதைச் சுற்றிய குறுக்குத் தெருக்களிலும் குவித்து விற்கும் ஏற்றுமதி மிச்ச ரீசேட்டுகளைப் பற்றித் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே நிறத்தில், படம் ஏதும் இல்லாத ரீசேட்தான் கொழும்பில் கொடுக்கிற காசுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த உடுப்பு. படம் அச்சிட்டதைச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். பெரிய பிராண்டின் பெயரோடு, லேபல் குலையாமல், விலை அட்டையும் தொங்கிக்கொண்டு மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

கார்மென்ட்ஸில் தையலில் பழுதாவதை ஈடுகட்ட ஓடருக்கு மேல் சில வீதம் கூட்டியே துணி வெட்டுவார்கள். எண்ணிக்கை நிரம்பியபின் மிஞ்சுவதும், தரச் சோதனையில் கழிபடுவதும் மொத்தமாக வெளியே விலைபோகும். அப்போது பிராண்டின் பெயர் வெளியே போகாதபடி பெரும்பாலும் கழுத்து லேபலை வெட்டிவிடுவார்கள், அல்லது பேனையால் கோடு இழுப்பார்கள். ஆகவே வெட்டுப்பட்ட லேபல் நல்ல அடையாளம். பக்கத் தையலுக்குள் இருக்கும் சலவைத் துண்டு பல வேளை தப்பியிருக்கும். பருத்தி எவ்வளவு, பொலியெஸ்டர் எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் அதில் பாருங்கள். 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கி, ஆடை ஏற்றுமதி பெருகப் பெருக இந்த மிச்ச வியாபாரமும் வளர்ந்தது. ஒடாரா குணவர்தன தன் காரின் பின்பெட்டியில் வைத்து விற்றதும் இதே வகை உடுப்புத்தான். ஓடெல் என்ற பெரிய உடுப்புக்கடை அதிலிருந்துதான் எழுந்தது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது கழுத்து. ரீசேட் பிறந்த கதையே கழுத்தில்தான் இருக்கிறது. மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த பழைய உள்ளுடுப்பு இரண்டாகப் பிரிந்தபோது வந்த மேற்பாதி இது. 1913 அளவில் அமெரிக்கக் கடற்படை, சீருடைக்குள் போடுவதற்கென்று இதை அரைக்கை வெள்ளைப் பருத்திப் பெனியனாக மாலுமிகளுக்குக் கொடுத்தது. பொத்தான் கிடையாது. தலை நுழையக் கழுத்து விரிய வேண்டும், நுழைந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறை போடும்போதும் கழற்றும்போதும் பாரம் முழுவதும் அந்தப் பட்டிக்குத்தான். பட்டியை இரு கையாலும் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே சுருங்கினால் அது பெரும்பாலும் லைக்ரா எனும் இழுபடும் நூல் கலந்த, வரிவரியாகப் பின்னிய றிப் துணி. அலையலையாய் நின்றால் சில சலவையிலேயே தொங்கிவிடும். பிறகு உள்ளே புரட்டிப் பாருங்கள்: ஒரு தோளிலிருந்து பின்கழுத்து வழியாக மறுதோள் வரை நாடா வைத்துத் தைத்திருந்தால் தோள் நீளாது. கை முனையிலும் அடியிலும் இரண்டு ஊசித் தையல் சமாந்தரமாக ஓட வேண்டும். ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையலாவது இருக்கட்டும்.

அடுத்தது துணி முறுகல். துவைத்தபின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறதே, அது நூலில் தங்கிய முறுக்கு ஜேர்சி எனும் பின்னல் துணியைச் சாய்த்து இழுப்பதால் வருவது. துணியை உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக நுண்ணிய பின்னல் கோடுகள் தெரியும். அவை பக்கத் தையலுக்குச் சமாந்தரமாக இறங்காமல் சரிந்து போனால், கடையில் நேராக இருப்பதும் வீட்டில் முறுகும். இதற்கு மருந்தே இல்லை.

கொழும்பின் புழுக்கத்துக்கு 150, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணியின் எடை, கிராமில்) போதும். 180க்கு மேல் போனால் உருவம் அழகாக நிற்கும், ஆனால் வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும், மழைக்காலத்தில் இலகுவில் காயாது. வெள்ளைத் துணியை ஒற்றையாகக் கைமேல் போட்டு, கைரேகை தெரிந்தால் அது மிக மெல்லியது.

உள்ளாடையாக இருந்தது வெளியே தெரியும் உடுப்பானதில் போருக்கும் சினிமாவுக்கும் பங்குண்டு. 1942 ஜூலையில் லைஃப் சஞ்சிகையின் அட்டைப் படவீரர் அணிந்திருந்தது, விமானப்படைப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட ரீசேட். 1951இல் மார்லன் பிராண்டோ திரையில் வெறும் ரீசேட்டோடு வந்தபின் இளைஞர் யாரும் அதை மறைக்கவில்லை. அச்சுக்கு இன்று அதிகம் பயன்படுவது பிளாஸ்டிசோல் மை. மையின் அடிவரை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் சூடு ஏறினால்தான் அது இறுகும். சூடு குறைந்ததா என்று அறிய, படத்தைக் குறுக்காக இழுங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அது உரியும். இறுகிய அச்சையும் நேரடியாக அயன் பண்ணக் கூடாது, உருகி ஒட்டும்.

கறுப்பு, சிவப்பு எடுப்பதானால் ஈர வெள்ளைக் கைலேஞ்சியால் உள்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் கழன்றால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் நிற்காது.

போட்டுப் பார்க்க இடம் இருக்காது. சைஸ் எழுத்தும் நாட்டுக்கு நாடு மாறும். வீட்டில் அளவாக இருக்கும் ரீசேட்டில் ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து, அந்த எண்ணோடு நாடாவும் கொண்டு போங்கள். பருத்தி நீளவாக்கில் ஐந்து வீதம் சுருங்கலாம்: 70 சென்ரிமீற்றரில் மூன்றரை போய்விடும்.

கழிபட்டதில் எண்ணெய்ப் புள்ளிக்குப் பயப்பட வேண்டாம், சூடு படுமுன் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கையும் உடம்பும் வேறு சாயலில் இருந்தால் அப்படியேதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊசித்துளை அளவு ஓட்டை தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரு கண்ணி விட்டால் துவைக்கத் துவைக்கக் கீழே ஓடும்.