நட்டைக் கீழ வையுங்கோ: லோங்யேர்பியனில் ஓர் அரைநாள் நடை

வட நோர்வேயின் ஹொன்னிங்ஸ்வோக் மீன் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருசம் கன்வேயரும் மோட்டாரும் திருத்திவிட்டு ஓய்வெடுத்த எனக்கு, மகள் எடுத்துத் தந்த பரிசு இந்தப் பயணம்: வடதுருவப் பக்கம் இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளில், லோங்யேர்பியன் என்கிற ஊருக்கு. ஸ்வால்பார்ட் என்றால் பனிக்கரடி பார்க்கத்தான் சனம் போகும். நாங்கள் காசு கட்டினது பழைய நிலக்கரிச் சுரங்கச் சாமான்களைப் பார்க்கிற நடைக்கு. "துருப்பிடிச்ச இரும்பு பார்க்கவோ இவ்வளவு செலவு?" என்று சிநேகிதர் ஒருவர் கேட்டார். அவருக்கும், போக யோசிக்கிற மற்ற ஆட்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விசயம். நோர்வேக்குள்தானே என்று நினைத்து வெறுங்கையோடு விமான நிலையத்துக்குப் போகாதேயுங்கோ. தீவுகள் நோர்வேயுடையதுதான், ஆனால் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாமல் போய்வருகிற ஐரோப்பிய ஷெங்கன் வலயத்துக்கு வெளியே. கடவுச்சீட்டு கேட்பார்கள். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம் பைகளைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியதைப் பார்த்தேன்.

நாங்கள் போனது ஆகஸ்ட் நடுப்பகுதி. இரவு பதினொரு மணிக்கும் வெயில். வட நோர்வேயில் இருக்கிற எனக்கு அது பழக்கம், புதினமாய் இருந்தது வேறொன்று: ஊர் முழுக்க, மலைச்சரிவெல்லாம், மரக்கம்பங்கள். ஒரு மரம்கூட வளராத இடத்தில் இவ்வளவு மரம்! எல்லாம் கப்பலில் வந்தது. சுரங்கத்திலிருந்து கரிவாளிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன கம்பித்தடத்தைத் தாங்கிய கம்பங்கள் அவை.

நடத்துகிறவர்கள் ஒரு சின்ன நிறுவனம். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். விடுதி வாசலில் நேரத்துக்கு வந்து ஏற்றினார்கள். பதினாலு பேர். வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை, தோளில் துவக்கு. ஊர் எல்லை தாண்டினால் கரடிக்காகத் துவக்கு வேண்டும். சுடுவது கடைசி வழி என்று தெளிவாகச் சொன்னாள். அது நல்லது. ஆனால் அதற்குப் பிறகும் முதல் அரை மணித்தியாலம் கரடிப் பகிடிதான். நான் கரடிக்கு வரவில்லை.

கம்பித்தட நடுநிலையம் பள்ளத்தாக்கு வாயிலில், மேட்டில் நிற்கிறது. நீண்ட இரும்புக் கால்களில் ஒரு பெட்டகம், தூரத்திலிருந்து பார்த்தால் நண்டு எழும்பி நிற்கிற மாதிரி. வெவ்வேறு சுரங்கங்களிலிருந்து வந்த தடங்கள் இங்கே சந்தித்து, வாளிகள் துறைமுகத் தடத்துக்கு மாறும். வழிகாட்டிப் பிள்ளை இதை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற டச்சுக்காரர் "எப்படி மாறும்?" என்று கேட்டதும் நான் தொடங்கிவிட்டேன். தடித்த கம்பிக்கயிறு அசையாது, அது தண்டவாளம் மாதிரி. மெல்லிய கயிறு ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் இழுப்பது. வாளியின் மேலே இருக்கிற கவ்வி அந்த ஓடுகிற கயிற்றைப் பிடித்திருக்கும். நிலையத்துக்குள் வந்ததும் கவ்வி விடும், வாளி மேலே தொங்குகிற தண்டவாளத்தில் உருளும், மற்றத் தடத்தில் திரும்பப் பிடிக்கும். எங்கள் தொழிற்சாலையில் மீன்பெட்டி ஒரு பெல்ட்டிலிருந்து மற்றதுக்குப் பாய்கிற அதே கணக்கு. மகள் முழங்கையால் இடித்தாள். "அப்பா, நீங்கள் காசு வாங்குங்கோ." 1987 வரைக்கும் இந்தத் தடம் ஓடியிருக்கிறது. நான் நோர்வே வந்த வருசம்.

அங்கிருந்து சரிவில் ஏறும்போதுதான் அது நடந்தது. காலடியில் ஒரு நட்டு. கட்டைவிரல் மொத்தம், துரு ஏறிச் செம்மண் நிறம், ஆனால் ஆறு மூலையும் கூராக இருந்தது. கைப்பழக்கம், எடுத்துவிட்டேன். பிள்ளை பாய்ந்து வந்தாள். சத்தம் போடவில்லை. "இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைக்க முடியுமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். மகள் தமிழில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு விசரே? அந்த நட்டைக் கீழ வையுங்கோ!" எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஈரம் ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்த்துக் குழிக்குள் பொருத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன விளக்கம்தான் இந்த நடையின் பெறுமதி. 2001இல் இயற்றி 2002இல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்ட் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 1945ஆம் ஆண்டோ அதற்கு முன்போ மனிதர் விட்டுச்சென்ற தடயம் எல்லாம் தானாகவே பாதுகாக்கப்பட்டது. யாரும் வந்து பார்த்து, பட்டியலில் சேர்த்து, பலகை நட வேண்டியதில்லை. இடிந்த குடிசை, தகரப்பேணி, ஆணி, எல்லாம். நிலத்தில் இருக்கிற தடயத்தைச் சுற்றி நூறு மீற்றர் பாதுகாப்பு வலயம், அதற்குள் கூடாரம் அடிக்கவோ நெருப்பு மூட்டவோ முடியாது. மனித எலும்பும் புதைகுழியும் என்றால் வயதுக் கணக்கே இல்லை. வால்ரஸையும் திமிங்கிலத்தையும் கொன்ற இடத்தில் கிடக்கிற எலும்புகளுக்கும் அப்படித்தான்.

கோயிலையும் கோட்டையையும் காக்கிற சட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. கூலிக்குச் சுரங்கத்தில் ஊர்ந்தவன் எறிந்த பேணிக்குச் சட்டம் இருக்கிற இடத்தை நான் இங்கேதான் பார்த்தேன். இன்னொன்றும் மனதில் ஓடியது. நான் இருக்கிற பின்மார்க்கில், 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊர் ஊராக எரித்தது. ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சியது தேவாலயம் ஒன்றுதான். அதைத் தவிர எங்கள் ஊரில் 1945க்கு முந்திய கதவு ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. இங்கே சட்டம் கோடு போட்டிருப்பதும் அதே வருசத்தில்.

லோங்யேர்பியனும் தப்பவில்லை. 1943 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து அடித்தன. பழைய ஊர் இருந்த மேட்டில் இப்போது வீடு இல்லை, வரிசை வரிசையாய் அத்திவாரக் கட்டைகள் மட்டும். அப்போது தீப்பிடித்த இரண்டாம் இலக்கச் சுரங்கம் 1960கள் தொடங்கிய பிறகும் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்ததாம். இந்த ஊர்த் தேவாலயத்துக்கு மேலே தெரிகிற முதலாம் இலக்கச் சுரங்கத்தில் 1920 சனவரியில் வெடித்து 26 பேர் செத்தார்கள். கீழே இடுகாட்டில் வெள்ளைச் சிலுவைகள். 1918இல் வேலைக்கென்று வந்து, அப்போது உலகம் முழுக்கப் பரவின சளிக்காய்ச்சலில் செத்த ஏழு பெடியன்களும் அங்கேதான். 1998இல் வைரஸ் தேடி விஞ்ஞானிகள் தோண்டியது அவர்களுடைய குழிகளைத்தான். இந்த இடத்தில் பிள்ளை பகிடி விடவில்லை.

ஒரு கம்பத்தின் அடியைக் காட்டினாள். மேலே மரம் சாம்பல் நிறத்தில், தட்டினால் மணிச்சத்தம் வரும்போல இறுகிக் கிடந்தது. நிலத்தோடு சேருகிற இடம் மட்டும் ஊறின பாண் மாதிரி. உறைந்த நிலம் இப்போது கோடையில் ஆழமாக இளகுகிறது, ஈரம் ஏறுகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. தொடாதே என்று எங்களுக்குச் சட்டம் இருக்கிறது, பூஞ்சணத்துக்கு என்ன சட்டம்?

கடைசி ஏற்றம் 2பி சுரங்க வாசலுக்கு. ஊரில் அதை நத்தார் தாத்தாவின் சுரங்கம் என்பார்கள், நத்தார் காலத்தில் விளக்குப் போட்டு வைப்பார்களாம். பதிவுப் பக்கத்தில் "எல்லா வயதினருக்கும் ஏற்றது" என்று எழுதியிருந்தது. பச்சைப் பொய். காலுக்குக் கீழே கல் வழுகுகிறது, என்னுடைய இடது முழங்கால் பாதியிலேயே முறையிட்டது. நான் ஒரு கல்லில் இருந்துவிட்டேன். தனியாக விட முடியாது என்று முழுக் குழுவும் கீழே எனக்காகக் காத்து நிற்க வேண்டி வந்தது, வெட்கமாய்ப் போய்விட்டது. காற்றில் அவள் பேச்சும் பின்னால் நின்ற ஐந்தாறு பேருக்குக் கேட்கவில்லை. மூன்றரை மணித்தியாலத்தில் கழிப்பறை ஒரு இடத்திலும் இல்லை. வலயத்துக்குள் ஒதுங்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் படகில் குடாவின் மற்றக் கரைக்கு, ஹியோர்த்ஹாம்னுக்குப் போவதாக இருந்தது. அங்கேயும் பழைய கம்பித்தட நிலையம் ஒன்று இருக்கிறது. காற்று கூடி அந்தப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். காற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் காசு திரும்பி வர ஆறு கிழமையும் மூன்று மின்னஞ்சலும் எடுத்தது.

அதனால் கிடைத்த நேரத்தில் ஸ்வால்பார்ட் அருங்காட்சியகம் போனோம். வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கரித்தூசியோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சுரங்கக் காலத்தில் வந்த வழக்கம், விடுதிகளிலும் அப்படித்தான். எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமே! நான் மேஸோடு நின்று, 17ஆம் நூற்றாண்டு டச்சுத் திமிங்கில வேட்டைக்காரர்களைப் பற்றி வாசித்தேன். ஸ்மீரன்பர்க்கில் அவர்கள் கொழுப்புக் காய்ச்சின அடுப்பைச் சுற்றிச் சிந்தின எண்ணெய், மணலோடு சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகி இன்றைக்கும் வட்டமாய்க் கிடக்கிறது. அங்கே போகக் கப்பல் வேண்டும், என் காசுக்கு எட்டாது. அருங்காட்சியகத்துக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. முடிந்தால் நடைக்கு முதலே போங்கோ, நாங்கள் மாறிச் செய்துவிட்டோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அரை, நட்டை வைக்கச் சொன்ன விதத்துக்கு. படகுப் பயணம் வேண்டுமென்றால் வந்த முதல் நாளுக்கே பதியுங்கோ, காற்றடித்தால் மாற்ற நாள் இருக்கும். கணுக்காலை மூடுகிற சப்பாத்தும் ஊன்றுகோலும் கொண்டு போங்கோ. வெளிக்கிட முதல் விடுதியில் கழிப்பறைக்குப் போங்கோ.