தனியே உட்கார வைப்பதா, பக்கத்தில் உட்காருவதா?

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் கேட்டு நாலு வயசுப் பிள்ளை தரையில் புரள்கிறது. இங்கே ‘டைம் அவுட்’, அதாவது பிள்ளையைச் சற்று நேரம் தனியே உட்கார வைப்பது, வேண்டாம். வெயிலும் அலுப்பும் சேர்ந்த அழுகை அது, தண்டிக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் குனிந்து, “மாங்காய் கிடைக்கலன்னு கோவமா இருக்கா கண்ணு?” என்று அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள். தணியும்வரை அறிவுரை ஏறாது. தணிந்தபின் ஒரே வரி போதும்: “இன்னைக்கு வாங்கல, தண்ணி குடிக்கலாம் வா.” அழுகைக்குப் பயந்து வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை அழுகை நீளும். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 1990-களில் விளக்கிய ‘எமோஷன் கோச்சிங்’ முறையின் சாரம் இது.

தம்பியை அடிப்பது வேறு கதை. மூன்று வயசுக்கு மேல் அதற்கு டைம் அவுட் நன்றாகவே வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை, பிறகு சுவரோரம் ஒரு நாற்காலி, வயசுக்கு ஒரு நிமிடம், அதிகபட்சம் 5. டிவி, போன், பேச்சு கூடாது. பாட்டி நடுவில் தூக்கிக்கொண்டால் கெட்டது. நாம் திட்டிக்கொண்டே இருந்தாலும் கெட்டது, ஏனென்றால் பிள்ளைக்குத் திட்டும் ஒரு கவனிப்புதான். இருட்டறையில் பூட்டுவது டைம் அவுட்டே அல்ல, வெறும் பயமுறுத்தல். தினமும் 10 நிமிடமாவது பிள்ளை இஷ்டப்படி கூட உட்கார்ந்து விளையாடாத வீட்டில் நாற்காலி எடுபடாது.