அர்கா ரக்ஷக்கா, அர்கா விகாஸா?
பெங்களூரு அல்சூர் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. இரண்டுமே ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த தக்காளிகள்.

ரக்ஷக் வீரிய ஒட்டு, அதாவது இரண்டு வேறு வரிசைகளைக் கலந்து உண்டாக்கிய ரகம். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் அதன் விதையை எடுத்து விதைத்தால் குணம் சிதறும். நோய் தாங்கும் குணம் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்த ஒற்றை ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே குணத்தைக் காட்டுவது) என்றால்கூட, மரபியலில் மெண்டல் சொன்ன கணக்குப்படி அடுத்த தலைமுறையில் சுமார் நாலில் ஒரு செடிக்கு அது இருக்காது. விளைச்சலோ பல மரபணுக்களின் கூட்டு வேலை, இன்னும் கலையும். (விதைக்கடையில் இதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.)

விகாஸ் தூய வரிசைத் தேர்வு, அதாவது கலப்பில்லாமல் ஒரே குணமுள்ள செடிகளாகப் பொறுக்கி எடுத்த ரகம். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் தாயைப் போலப் பிள்ளை. வைரஸ் வந்தால் திண்டாட்டம்தான்.

நாலு தொட்டிக்கு விகாஸ். விற்க என்றால் ரக்ஷக், வருஷாவருஷம் புது விதையோடு.