சுங்கை சிப்புட்டில் ஜீன்ஸும் பெல்ட்டும் வாங்க ஒரு நல்ல கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துப் பழைய கடைவரிசையில் இருக்கும் இந்தச் சின்னத் துணிக்கடைக்கு மூன்று வருடமாகப் போகிறேன். துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை, கடைக்கார அக்காவே திருப்பிக் காட்டுவார்.

முதல் தடவை போனபோது இரண்டு ஜீன்ஸை மேசையில் விரித்துப் போட்டு, "மேலே பார்த்தா என்ன தெரியும் தம்பி, கவட்டுத் தையலைப் பாருங்க" என்றார். ஒன்றில் ஓரம் பிரியாமல் நூலால் சுற்றி (ஓவர்லாக்) ஒற்றைத் தையல் போட்டிருந்தது, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தால் நூலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்றில் இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல், அசையவே இல்லை. செம்பனைத் தோட்டத்தில் நாள் முழுக்க மோட்டாரில் ஏறி இறங்கும் எனக்குக் கவட்டில்தான் முதலில் கிழியும். அப்புறம் பாக்கெட் மூலை. அந்த இடம் கிழியாமல் இருக்கத்தான் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் செப்பு ரிவிட் (தட்டி இறுக்கும் சின்ன ஆணி) அடித்தார், 1873-இல் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து காப்புரிமையும் வாங்கினார். ரிவிட் இல்லாவிட்டால் மூலையில் நெருக்கமான கட்டுத்தையலாவது இருக்க வேண்டும். துணியின் கனம் சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ் போதும், 14 அவுன்ஸ் நம் வெயிலுக்கு ரொம்பக் கனம்.

நான் எடுத்தது 95 வெள்ளி (ரிங்கிட்). கால் நீளத்தைக் குறைத்துத் தந்து, வெட்டிய துணியையும் சுருட்டிப் பையில் போட்டார், பின்னால் ஒட்டுப்போட ஆகும் என்று.

பெல்ட்டுக்காகவும் இங்கே போகலாம். முன்பு வேறொரு கடையில் தோல் என்று சொல்லி விற்றதை வாங்கி அலமாரியில் மாட்டி வைத்தேன், அடுத்த வருடம் எடுத்தபோது செதில் செதிலாக உரிந்து கையில் ஒட்டியது. அது துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, நம் ஊர் ஈரக்காற்றில் போடாமல் வைத்தாலும் சிதைந்துவிடும். வெட்டு ஓரத்தைப் பார்த்தால் தெரியும்: தோலில் நார் நாராக இருக்கும், பூச்சில் அடியில் துணி தெரியும். அக்காவிடம் வாங்கிய ஒரே துண்டு மாட்டுத்தோல் பெல்ட் இரண்டு வருடம் ஆகியும் ஓட்டை கூட இழுபடவில்லை.

டி-சட்டை மட்டும் இங்கே எடுக்காதீர்கள், மூன்றாவது சலவையில் கழுத்து தொங்கிவிட்டது. போட்டுப் பார்க்க ஒரே ஒரு திரைதான். தீபாவளிக்கு முந்தின வாரம் போகவே வேண்டாம், கூட்டத்தில் அக்காவுக்கு எதையும் திருப்பிக் காட்ட நேரம் இருக்காது.