பார்னா மியா இரவு நடை: பெருச்சாளி பார்க்க 170 கிலோமீட்டரா?

ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. கடற்கரையும் கிங்ஸ் பார்க்கும் எத்தனை தடவைதான்? அப்புறம்தான் பெர்த்திலிருந்து 170 கிலோமீட்டர் தள்ளி, நாரோஜின் ஊர்ப் பக்கம் டிரையாண்ட்ரா காட்டில் இருக்கும் பார்னா மியா விலங்குச் சரணாலயத்தில் இரவு நடைக்குப் பதிவு செய்தேன்.

வழியெல்லாம் கோதுமை வயல். திடீரென்று வெள்ளை மரங்களாகக் காடு. "எல்லாத்தையும் வெட்டிட்டு இத மட்டும் மிச்சம் வெச்சிருக்கான்" என்றார் அப்பா. உண்மைதான். அந்த மிச்சத் துண்டு 2022இல்தான் தேசியப் பூங்கா ஆனது.

நரியும் பூனையும் நுழைய முடியாத வேலிக்குள், இருட்டிய பிறகு நடக்கிறோம். டார்ச்சில் சிவப்பு வெளிச்சம்தான். மிருகங்களுக்குக் கண் கூசாது. முயல் காதோடு பில்பி என்ற சின்னப் பிராணி வந்தது. எல்லோரும் அதன் பின்னாலேயே போக, அப்பா மட்டும் நின்ற இடத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வொய்லி. கங்காரு சாதிதான், வயிற்றில் பையும் உண்டு. ஆனால் எடை ஒன்றரை கிலோவுக்குள். வாலை முன்பக்கம் சுருட்டி, அதில் காய்ந்த புல்லைக் கட்டாக இடுக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போனது. கூட்டுக்காம்.

"பெருச்சாளி மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பாடு?"

மொழிபெயர்த்துக் கேட்டேன். வழிகாட்டி சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். மண்ணுக்குள் விளையும் காளானைத் தோண்டித் தின்கிற பிராணி. ஒரு வொய்லி வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 5 டன் மண்ணைப் புரட்டுமாம். அந்தக் குழிகளில்தான் மழைத்தண்ணீர் இறங்குகிறது, காளான் வித்தும் பரவுகிறது. நாற்பது வருஷம் உழுதவர் அப்பா. "டிராக்டர் வாடகை மிச்சம்" என்றார்.

வொய்லியைத் தின்னும் நரிக்கு 1080 என்ற விஷத்தை இரையில் வைக்கிறார்கள். "அத இது தின்னா சாகாதா?" சாகாது. அதே நஞ்சு இங்குள்ள செடிகளிலேயே இருப்பதால் உள்ளூர்ப் பிராணிகளுக்கு உடம்பு பழகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த நரிக்குத்தான் ஆபத்து. நரி குறைந்து வொய்லி எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து 1996இல் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பத்தே வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு போய்விட்டது. பூனைமேல்தான் பெரிய சந்தேகம்.

போகிறவர்களுக்கு: முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். காட்டுக்குள் கடை கிடையாது. எங்களைப் புளிசாதம் காப்பாற்றியது. ஜூலைக் குளிருக்கு என் மெல்லிய ஸ்வெட்டர் போதவில்லை, அது என் தப்பு. பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் ரோட்டில் குதிக்கும், அதற்கு முன்பே போய்ச் சேருங்கள். போட்டோ ஆசையை விட்டுவிடுங்கள், எல்லாம் சிவப்பாகத்தான் வரும். நாங்கள் தங்கிய இடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, அது வேறு கதை.

மறுநாள் காலை நம்பாட் தேடிப் போனோம். அது பகலில் கறையான் தின்னும் பிராணி. எங்கள் கண்ணில் படவில்லை. அப்பாவுக்கு அதில் அக்கறையும் இல்லை. பாதை ஓரத்துச் சின்னச் சின்னக் குழிகளில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தவரைக் காரில் ஏற்ற அரை மணி நேரம் ஆனது.