மிஸ்ஸியம்மா: நிலாவிடம் சொன்ன புகார்

போன ஞாயிறு மழை. அம்மாவோடு உட்கார்ந்து 'மிஸ்ஸியம்மா' (1955) பார்த்தேன். எனக்கு இது நான்காவது முறை, அம்மாவுக்குக் கணக்கே இல்லை.

வேலை கிடைக்க வேண்டுமென்று பாலுவும் மேரியும் கணவன் மனைவியாக நடித்து, ஜமீன்தார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களாகச் சேர்கிறார்கள். அவர் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். போதாதா! ஜமீன்தார் தம்பதியாக வரும் ரங்காராவும் ரிஷ்யேந்திரமணியும் பாசத்தோடு நெருங்க நெருங்க, மேரியாக வரும் சாவித்திரியின் முகம் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். வாய் ஒன்றும் சொல்லாது. மூக்கு நுனியிலேயே கோபம் தெரியும், அடுத்த நொடி கண்ணில் ஈரம்.

'வாராயோ வெண்ணிலாவே' வந்ததும் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். ஒருவரையொருவர் குறை சொல்லி இருவரும் நிலாவிடம் முறையிடும் பாட்டு அது. ஏ.எம். ராஜா, லீலா குரல்கள் அத்தனை இதம். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கறுப்பு வெள்ளை நிலவொளிக்கு வண்ணம் எதற்கு?

தங்கவேலு வரும் இடமெல்லாம் வீடே சிரித்தது. கடைசிப் பகுதி கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை. அப்புறம் அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை போட்டோம்.